ஃபார்முலா சரியாக இருந்தும் விடை தவறாக வந்த அனுபவங்கள்

திருப்பூர், பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து:

வணக்கம். எக்செல் பிழைச்செய்தி காட்டினால் நாம் உடனே விழித்துக்கொள்கிறோம். நம்பத்தகுந்த ஒரு தொகையைக் காட்டிவிட்டு அது அமைதியாக இருக்கும்போதுதான் ஏமாந்துபோகிறோம். அப்படி எனக்கு நேர்ந்த ஒன்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்தவற்றையும் அருள்கூர்ந்து எழுதுங்கள்.

2024 மே மாத முதல் வாரத்தில் ஏப்ரல் மாதத்திற்கான வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை, அதாவது எங்கள் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடும் பட்டியலை, தயாரித்துக்கொண்டிருந்தேன். வங்கியின் இணையதளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பைத் திறந்து, அதிலிருந்த வரவுகளை என் ஆண்டுப் பட்டியலில் ஒட்டினேன். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதத்தின் கூட்டுத்தொகையையும் சம்இஃப்ஸ் ஃபார்முலா எடுத்துத் தரும். அதைப் பல ஆண்டுகளாக எந்த மாற்றமும் இல்லாமல் பயன்படுத்திவந்தேன். அன்று ஏப்ரலுக்கு நேரே வந்த தொகை மிகக் குறைவாக இருந்தது. அதைவிடப் பெரிய வியப்பு, இன்னும் பிறக்கவே பிறக்காத ஜூலைக்கும் டிசம்பருக்கும் நேரே தொகைகள் வந்திருந்தன.

அரை நாள் முழுவதும் ஃபார்முலாவையே ஆராய்ந்தேன். டாலர் குறிகள், அடைப்புக்குறிகள், தொடக்கத் தேதி, இறுதித் தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் பழுது எதுவும் தென்படவில்லை. பிற்பகலில் வங்கி அறிக்கையை அச்செடுத்து ஒவ்வொரு நாளின் வரவையும் கையால் கூட்டியபோதுதான், எக்செல் ஏப்ரலுக்குக் காட்டிய தொகை ஏப்ரல் 4 என்ற ஒரே நாளின் வரவோடு பைசா பிசகாமல் பொருந்துவதைக் கண்டேன். அங்கிருந்து முடிச்சு அவிழ்ந்தது.

எனக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்டிருந்த கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், அதாவது மாதம் முன்னும் நாள் பின்னுமாக இருந்தது. அதனால் வங்கி ஏப்ரல் 12 என்ற பொருளில் தந்த 12/04/2024 என்பதை எக்செல் டிசம்பர் 4 என்று எடுத்துக்கொண்டது. 07/04/2024 ஜூலை 4 ஆனது. 13ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை உள்ளவற்றை அப்படிப் படிக்க வழியில்லை, பதின்மூன்றாவது மாதம் கிடையாதே. ஆகவே அவை தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகவே செல்லில் (கட்டத்தில்) தங்கிவிட்டன, சம்இஃப்ஸ் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாளும் மாதமும் ஒன்றேயான 04/04 மட்டும் எப்படிப் படித்தாலும் ஏப்ரலிலேயே நின்றது.

இதை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்திருக்க முடியும். செல்லில் இருப்பது எண்ணோ தேதியோ என்றால் எக்செல் அதை வலப்பக்கம் ஒட்டியும், எழுத்து என்றால் இடப்பக்கம் ஒட்டியும் வைக்கும். நானோ பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்த நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிற்குமாறு அமைத்திருந்தேன். அந்த அடையாளம் அதனால் மறைந்துவிட்டது. அன்று முதல் தேதி நெடுவரிசையின் சீரமைப்பில் கை வைப்பதில்லை. ஐஎஸ்நம்பர் ஃபார்முலாவைப் பக்கத்து நெடுவரிசையில் இட்டு, எது எண், எது எழுத்து என்று பார்த்த பிறகே கூட்டலுக்குப் போகிறேன்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். செல்லின் தேதி வடிவத்தை மாற்றுவதால் இது சரியாகாது, ஏனெனில் டிசம்பர் 4 என்று ஒருமுறை பதிந்தது வேறு வடிவிலும் டிசம்பர் 4ஆகவே தோன்றும். விண்டோஸின் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு அசல் கோப்பை மீண்டும் திறந்தேன், தொகை பொருந்தியது.

மதுரை, கல்லூரி அலுவலகம் ஒன்றிலிருந்து:

தங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. உதவித்தொகை பெறும் மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்களைத் தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் என்பதும், 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும் என்பதும் எனக்கு முன்பே தெரியும். ஆகவே நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வோர் எண்ணையும் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பதிவு செய்திருந்தேன்.

ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று அறிய கவுன்ட்இஃப் ஃபார்முலாவை இட்டபோது, ஐந்து மாணவிகளின் எண்களுக்கு நேரே 5 என்று வந்தது. ஐந்து பேருக்கும் ஒரே கணக்கா என்று திகைத்து, அவர்கள் பெயர்களை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றவர்களின் பட்டியலை அனுப்பினோம். அவர்களுள் ஒரு மாணவி மறுநாள் தன் தாயாரோடு வந்து, எந்தத் தவறும் செய்யாதவர்களுக்குரிய கலக்கத்தோடு பாஸ்புக்கை மேசையில் வைத்தபோது என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவருடைய எண் 4071 என்று முடிந்தது. மற்ற நால்வருடையவை 4072 முதல் 4075 வரை. ஐவரும் ஒரே நாளில் ஒரே கிளையில் வரிசையில் நின்று கணக்குத் தொடங்கியவர்கள்.

செல்லில் எழுத்தாக இருந்தாலும், எண்ணைப் போலத் தோன்றும் எதையும் கவுன்ட்இஃப் எண்ணாக மாற்றியே ஒப்பிடுகிறது. மாற்றும்போது பதினாறாவது இலக்கம் உதிர்ந்துபோகிறது. முதல் 15 இலக்கங்களும் ஒன்றாக இருந்ததால் ஐந்தும் அதற்கு ஒரே எண்ணாகப் பட்டன. தேடும் மதிப்போடு ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்துக் கொடுத்தால் அது எழுத்தாகவே ஒப்பிடும். ஆனால் அந்தக் குறி இருந்தால், ஒரு சிறிய எண் தன்னைப் போலவே தொடங்கும் நீண்ட எண்ணோடும் பொருந்திவிடும். கணக்கு எண்களின் நீளம் வங்கிக்கு வங்கி மாறுவதால் நான் சம்ப்ராடக்ட் ஃபார்முலா வழியாக, இரண்டு செல்களும் அப்படியே ஒன்றா என்று பார்க்கும் நேரடிச் சமன்பாட்டையே பயன்படுத்துகிறேன்.

ஈரோடு, பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிலிருந்து:

என்னுடையது சிறியது. இரண்டு பதிவேடுகளின் லிட்டர் வேறுபாடு 0 என்றால் "சரி" என்றும், இல்லையென்றால் "பொருந்தவில்லை" என்றும் காட்டும் இஃப் ஃபார்முலா வைத்திருந்தேன். 0.00 என்று கண்ணுக்குத் தெரியும் வரிசைகளிலும் "பொருந்தவில்லை" என்று வந்துகொண்டிருந்தது. 0.1 போன்ற தசமங்களைக் கணினி இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. வெற்றுச் செல் ஒன்றில் 0.5-0.4-0.1 என்பதை அடைப்புக்குறிக்குள் இட்டு 1ஆல் பெருக்கிப் பாருங்கள், 0 வராது, பதினேழாம் தசம இடத்தில் ஒரு துளி மீதி நிற்கும். இப்போது ரவுண்ட் ஃபார்முலாவால் 2 தசமத்திற்கு முழுமையாக்கிய பிறகே ஒப்பிடுகிறேன்.

தஞ்சாவூர், பொருளியல் ஆசிரியர் ஒருவரிடமிருந்து:

தரவில் பழுது என்பதைத் தாங்கள் மூவரும் காட்டிவிட்டீர்கள். நான் பார்த்தவரை, ஃபார்முலா எடுத்துக்கொள்ளும் வரிசைகளின் எல்லை குறைவதும் அதே அளவு ஆபத்தானது. ரைன்ஹார்ட், ரோகாஃப் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வின் எக்செல் கோப்பில், சராசரி 30ஆம் வரிசை முதல் 49 வரை எடுக்கப்பட்டிருக்க வேண்டும். 44ஆம் வரிசையோடு நின்றுவிட்டது. பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையின் தலைகீழ் ஒழுங்கில் இருந்ததால் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டன. ஆய்வின் மீது வேறு குறைகளும் கூறப்பட்டன. சராசரி மாறியதற்கு இது மட்டும் காரணமன்று. ஆயினும் அந்த ஐந்து வரிசைகள் 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்து பார்க்கும் வரை யார் கண்ணிலும் படவில்லை. என் மாணவர்களிடம் கூட்டல் செல்லின் மீது எஃப்2 விசையை அழுத்தி, வண்ணப் பெட்டி எதுவரை நீள்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகச் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் சொன்னபடி இன்று காலை எங்கள் சம்பளப் பட்டியலில் எஃப்2 அழுத்திப் பார்த்தேன். வண்ணப் பெட்டி 41ஆம் வரிசையில் முடிந்தது. சென்ற மாதம் சேர்ந்த இரண்டு தையல் தொழிலாளர்களின் பெயர்கள் 42இலும் 43இலும் இருக்கின்றன. பட்டியலின் மொத்தத்தில் அவர்கள் இல்லை. இருவருடைய சம்பளத்தையும் சேர்த்துத் திருத்திய தொகையை உரிமையாளருக்கு இப்போதுதான் அனுப்பிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.