எஸ்.க்யூ 52 என்றால் அறிவும் 52-ஆ?

வள ஆசிரியை:
வணக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வரும் மதிப்பீட்டு அறிக்கைகள் பற்றி ஒரு கேள்வி. பலவற்றில் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலும், கட்டைகளைக் குழிகளில் பொருத்தும் சேகுவின் பலகையும் மட்டும்தான் இருக்கின்றன. வயது எட்டு, எஸ்.க்யூ (சமூக முதிர்ச்சி எண்) 52, கீழே "லேசான அறிவுத்திறன் குறைபாடு" என்று முடிவு. அதே பிள்ளை தினத்தாள் தலைப்பை எழுத்துப் பிசகாமல் வாசிக்கிறது, இரண்டிலக்கப் பெருக்கலை மனக்கணக்காகப் போட்டு விடையை எழுதிக் காட்டுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பாது. அறிக்கையை நம்பிப் பாடத்தைக் குறைக்கலாமா? மறுமதிப்பீடு கேட்டால் எந்தச் சோதனையைக் கேட்பது?

செந்தில்நாதன், உளவியல்:
பாடத்தைக் குறைக்காதீர்கள் டீச்சர். முதலில் அந்த 52 எப்படி வந்தது என்று பாருங்கள். நம் நாட்டில் புழங்கும் வைன்லாண்டில் 89 கூறுகள். தானாகச் சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது, நாலு பேரோடு பழகுவது எல்லாம் அதில் வரும். பெரும்பாலும் அம்மாவிடம் கேட்டுத்தான் நிரப்புவார்கள். சமூக வயது 50 மாதம், உண்மை வயது 96 மாதம். வகுத்து நூறால் பெருக்கினால் 52. ஆட்டிசம் கைவைப்பதே பேச்சிலும் பழக்கத்திலும்தான். அங்கே கிடைத்த எண்ணைக் கொண்டுபோய் அறிவுக் கட்டத்தில் எழுதினால், ஒரே சிரமத்தை இரண்டு தடவை எண்ணியதாகிறது. அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவெழுத, அன்றாடச் செயல்பாட்டிலும் அறிவுச் சோதனையிலும், இரண்டிலுமே குறை தெரிய வேண்டும்.

சேகுவினில் பத்து மரக்கட்டைகள், மூன்று முறை. மூன்றில் மிகக் குறைந்த நேரம்தான் மதிப்பெண். "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ வை" என்ற சொல்லுக்கு இந்தப் பிள்ளைகள் பலர் அசைவதில்லை. நட்சத்திரக் கட்டையை எடுத்து முனைகளை விரலால் தடவி, கண்ணருகே ஒருமுறை திருப்பிப் பார்த்து, பிறகு சரியான குழியில் வைக்கும். பத்தும் சரி. ஆனால் ஸ்டாப்வாட்ச் ஓடிவிட்டது, மனவயது இறங்கிவிட்டது.

ரேவன் வண்ணப் படிவத்தைக் கேளுங்கள், படத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் அறிவுச் சோதனை அது. 36 படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விடைகள், நேரக் கெடு இல்லை, வாய் திறக்கவே வேண்டாம். 2007-இல் மான்ட்ரியால் குழு (டாசன், மொட்ரான் முதலானோர்) வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசப் பிள்ளைகள் வெக்ஸ்லரைவிட (பேச்சும் தேவைப்படும் வழக்கமான ஐ.க்யூ சோதனை) ரேவனில் சராசரியாக 30 சதமானப் புள்ளிகள் கூடுதலாகப் பெற்றார்கள். சதமானம் என்பது நூறு பேரில் எத்தனை பேரைவிட மேலே என்ற கணக்கு. சிலருக்கு வித்தியாசம் 70-ஐயும் தாண்டியது. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கு அப்படி எந்த இடைவெளியும் இல்லை.

லதா, சிறப்புக் கல்வி:
சொன்னதோடு சேர்த்து: சுட்டிக்காட்டத் தெரியாத பிள்ளைக்கு ரேவனின் புத்தகப் படிவம் வேண்டாம், துண்டை எடுத்துப் பொருத்தும் பலகைப் படிவம் கேளுங்கள். கியூபெக்கில் 2015-இல் வெளியான ஆய்வு அப்படித்தான் செய்தது. பேச்சு மிகக் குறைந்த 30 பிள்ளைகளில் வெக்ஸ்லரை முழுதாக முடித்தவர் ஒருவர்கூட இல்லை. ரேவன் பலகையை 26 பேர் முடித்தார்கள், 17 பேர் 5-க்கும் 90-க்கும் இடைப்பட்ட சதமானத்தில் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அளக்காமலே "அளக்க முடியாத பிள்ளை" என்று எழுதுவது அநியாயம்.

கெட்டுப்போகும் இடங்கள்: மருத்துவ முகாமில் வரிசையில் நின்று களைத்த பிறகு உட்காரவைப்பது. தலைக்குமேல் கடகடக்கும் மின்விசிறி. "என்னைப் பார்" என்று முகவாயைத் திருப்புவது. இது ஒன்றே போதும், அன்றைய சோதனை முடிந்தது. முதல்நாளே அறையைக் காட்டிவிடுங்கள், காலையில் வையுங்கள், அரைமணி தாண்டினால் மறுநாள் தொடருங்கள்.

விடைத்தாளையும் வாங்கிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மூலையைத் தொட்டிருந்தால் பிள்ளை சோதனையையே செய்யவில்லை. அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எளியதில் தவறி, கடைசித் தொகுதியில் சரியாகச் செய்திருந்தால் கவனம் நழுவியிருக்கிறது, இன்னொரு நாள் வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் கையையோ முழங்கையையோ பிடித்து எழுத்துப் பலகையில் "எழுதவைக்கும்" முறையை ஆதாரமாக ஏற்காதீர்கள். பிள்ளைக்கு ஒரு படம், பிடிப்பவருக்கு வேறு படம் காட்டி 1990-களில் சோதித்தபோது, பிடித்தவர் பார்த்ததுதான் எழுத்தில் வந்தது. தனியாகத் தொடுவது, தனியாகத் தட்டச்சு செய்வது மட்டுமே கணக்கு.

வள ஆசிரியை:
நன்றி மேடம், நன்றி சார். மாலின் சோதனை (இந்தியப் பிள்ளைகளுக்கான ஐ.க்யூ சோதனை) செய்த அறிக்கைகளும் சில உண்டு. இன்னொன்று, ஐ.க்யூ கூடினால் சலுகை போய்விடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள்.

செந்தில்நாதன், உளவியல்:
மாலின் என்றால் மொத்த எண்ணோடு நிற்காமல் உட்சோதனை மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டிசத்தில் பல சமயம் 'கட்டை அமைப்பு' என்ற உட்சோதனை உச்சத்திலும், 'பொதுப் புரிதல்' என்ற உட்சோதனை பாதாளத்திலும் இருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் எண் அந்தப் பிள்ளையின் எந்தத் திறனையும் சொல்லாது. பாடம் திட்டமிட உச்சத்தைப் பாருங்கள், உதவி திட்டமிடப் பள்ளத்தைப் பாருங்கள். கேள்வியை வாயால் கேட்பதோடு எழுதியும் கொடுங்கள், விடையையும் எழுதி வாங்குங்கள்.

சலுகை பற்றிய பயத்துக்கு: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் ஆட்டிசம் தனி வகை. அதை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கூறு அளவுகோல் இருக்கிறது. அறிவு எண் கூடியதால் ஆட்டிசம் இல்லை என்றாகாது. சி.பி.எஸ்.இ. தேர்வில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் ஆட்டிசச் சான்றை வைத்தே கேட்கலாம். மறுமதிப்பீட்டுக்குக் கடிதம் எழுதும்போது "நேரக் கெடு இல்லாத, பேச்சு தேவைப்படாத அறிவுச் சோதனை" என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள், வெறுமனே "ஐ.க்யூ" என்று எழுதினால் அதே சேகுவின்தான் திரும்பி வரும்.