2021 பிரிட்டிஷ் ஸ்பீட்வே பருவம்: பெரிய நட்சத்திரம் இல்லாத பீட்டர்பரோ எப்படிப் பட்டம் வென்றது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சாலைப் பந்தயங்களை மட்டுமே பார்த்து வந்த எனக்கு ஸ்பீட்வே அறிமுகமாகி ஓராண்டுதான் ஆகிறது. பிரேக்கே இல்லாத, ஒரே கியர் மட்டும் உள்ள 500 சிசி வண்டிகளில் நான்கு பேர் நான்கு சுற்று ஓடி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஓட்டத்தை முடித்துவிடும் இந்த விளையாட்டு என்னை முழுமையாக ஈர்த்துவிட்டது. தனிநபர் போட்டிகள் எளிதில் புரிகின்றன. ஆனால், பிரிட்டனின் முதல்நிலை அணிப் போட்டிகளில் ஒரு பருவம் எப்படி வெல்லப்படுகிறது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

எடுத்துக்காட்டாக, 2021 பிரீமியர்ஷிப் பருவத்தைப் பாருங்கள். இறுதிப் போட்டியில் பெல் வியூ ஏசஸ் அணியைப் பீட்டர்பரோ பேந்தர்ஸ் வென்றது. பெல் வியூவில் டான் பியூலியும் பிரேடி கர்ட்ஸும் இருந்தார்கள். பியூலி அடுத்த ஆண்டே கார்டிஃபிலும் விரோத்ஸ்வாஃபிலும் கிராண்ட் பிரீ வென்றார். கர்ட்ஸ் 2025 உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம் பிடித்தார். பீட்டர்பரோ அணியிலோ ஸ்காட் நிக்கல்ஸுக்கும் பியார்ன பெடர்சனுக்கும் 43 வயது; ஹான்ஸ் ஆண்டர்சனும் உல்ரிக் ஊஸ்டர்கார்டும் 40 வயதினர்; கிறிஸ் ஹாரிஸுக்கு 38. ஏறுமுகத்தில் இருந்த இளைஞர்களை, உச்சத்தைத் தாண்டிவிட்டவர்கள் என்று பலரும் கருதியவர்கள் எப்படி வீழ்த்தினார்கள்? இது அதிர்ஷ்டமா, அல்லது போட்டியின் அமைப்பிலேயே ஏதேனும் காரணம் இருக்கிறதா?

பதில் 1

நல்ல கேள்வி, நண்பரே. விடை புள்ளிக் கணக்கில் இருக்கிறது. சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போட்டியில் 15 ஹீட்கள், அதாவது தனித்தனி ஓட்டங்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் ஓர் அணிக்கு இருவர் வீதம் நால்வர் ஓடுகிறார்கள். முதலில் வருபவருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்குப் பூஜ்யம். ஆக ஒரு ஹீட்டுக்கு 6 புள்ளிகள், போட்டி முழுவதற்கும் 90. யார் 46ஐத் தொடுகிறாரோ அவருக்கே வெற்றி.

இப்போது ஓர் அணியின் முதல் எண் வீரர் யாராலும் வெல்ல முடியாதவர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறை ஓடுகிறார், ஐந்திலும் முதலிடம், 15 புள்ளிகள். ஆனால் அந்த ஐந்து ஹீட்களிலும் அவருடைய கூட்டாளி கடைசியாக வந்தால், எதிரணி இரண்டாம், மூன்றாம் இடங்களை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஹீட்டும் 3-3. ஐந்து ஹீட்களின் முடிவில் கணக்கு 15-15. ஒரு முறைகூடத் தோற்காத அந்த மாவீரர் தம் அணியை ஒரு புள்ளி அளவுகூட முன்னே கொண்டுசெல்லவில்லை! மீதிப் பத்து ஹீட்கள் அவர் இல்லாமலேயே நடக்கின்றன.

ஆகவே போட்டியை நகர்த்துவது முதலிடத்தைவிட மூன்றாமிடம்தான் என்பேன். நட்சத்திரத்தின் கூட்டாளி கடைசி இடத்திலிருந்து மூன்றாமிடத்துக்கு வந்தால் 3-3 என்பது 4-2 ஆகிறது. இரண்டாமிடத்துக்கு வந்தால் 5-1. பருவம் முழுவதும் எண்ணிப் பார்த்தால், மூன்றாமிடத்துக்காக நடக்கும் அந்த யாரும் கவனிக்காத சண்டைகளில்தான் அட்டவணை எழுதப்படுகிறது.

இனி அணி அமைக்கும் விதி. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சராசரி உண்டு: அவர் எடுத்த புள்ளிகளோடு போனஸ் புள்ளிகளைக் கூட்டி, ஓடிய ஹீட்களின் எண்ணிக்கையால் வகுத்து, நான்கால் பெருக்குவார்கள். போனஸ் என்பது தன் கூட்டாளியை ஒட்டிப் பின்னால் வந்து முடித்தவருக்குக் கிடைப்பது; அது அவருடைய சொந்தச் சராசரிக்கு மட்டுமே சேரும், அணியின் கணக்கில் சேராது. பருவத்தின் தொடக்கத்தில் அணி வீரர்களின் சராசரிகளைக் கூட்டினால், லீக் நிர்ணயித்த உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. ஒரு பெரிய நட்சத்திரத்தை எடுத்தால் அவரே வரம்பின் பெரும் பங்கை விழுங்கிவிடுவார்; கீழ்வரிசையில் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்களைத்தான் வைக்க முடியும்.

முன்பு உச்சியில் இருந்து, வயதின் காரணமாகச் சராசரி சற்று இறங்கிவிட்ட ஒருவரின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. நிக்கல்ஸ் ஏழு முறை பிரிட்டிஷ் சாம்பியன். ஹாரிஸ் 2007இல் கார்டிஃப் கிராண்ட் பிரீயை வென்றவர். ஆண்டர்சன், பெடர்சன் இருவரும் உலக அளவில் டென்மார்க்குக்காக நெடுங்காலம் ஓடியவர்கள். அவர்களுடைய சராசரி குறைந்திருக்கலாம். தொடக்க நாடாவுக்கு முன்னால் நிற்கும்போது தடத்தைப் படிக்கும் கண் குறைந்துவிடவில்லை. அணிக்குள் பலவீனமான ஜோடி என்று ஒன்று இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் பீட்டர்பரோவின் பலம்.

பதில் 2

மேலே எழுதியவரின் கணக்கை அப்படியே ஏற்கிறேன். அதோடு, அந்தப் பருவத்தில் பீட்டர்பரோ மைதானத்தில் பலமுறை நின்று பார்த்தவன் என்ற முறையில், கணக்கில் வராத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நாடா மேலெழும்பும் நொடியில் நான்கு வண்டிகளும் ஒரே குரலில் அலறும். மெத்தனால் எரியும் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். முதல் வளைவில் வேலிக்கு அருகில் நின்றால், பின்சக்கரங்கள் வாரி இறைக்கும், தடத்தில் பரப்பிய ஷேல் கல் துகள்கள் சட்டையில் மழைபோல் வந்து விழும். இரண்டாம் சுற்றுக்குள் இடங்கள் பெரும்பாலும் முடிவாகிவிடும் என்பார்கள். அப்படி முடிவாகாத ஹீட்களில்தான் அந்த அணியின் அனுபவம் தெரிந்தது.

முன்னால் போகும் மூத்த வீரர் நேர்தடத்தில் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பார். தன் கூட்டாளி மூன்றாவதாக, எதிரணி வீரரின் பின்சக்கரத்தை ஒட்டி வந்துகொண்டிருப்பார். அடுத்த வளைவில் முன்னவர் வேகத்தைச் சிறிதளவே தளர்த்தி, எதிராளி பாய நினைத்த பாதையில் தன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். எதிராளி தயங்கும் அந்தக் கணத்தில் கூட்டாளி மறுபுறமாக நுழைந்துவிடுவார். பிறகு இருவரும் உள்ளும் வெளியுமாக இணைந்து ஓடி, கடைசிக் கொடிவரை ஒருவரையும் விட மாட்டார்கள். 4-2 ஆக இருந்தது 5-1 ஆகிவிடும். தனக்கு வரும் முதலிடத்தைப் பணயம் வைத்துச் செய்யும் வேலை இது. தன் சராசரியை மட்டுமே நினைக்கும் வீரருக்கு இது வராது.

தடத்தின் அளவையும் சொல்ல வேண்டும். பீட்டர்பரோ தடம் 336 மீட்டர் நீளம், அகன்ற வளைவுகள். தொடக்கத்தில் பின்தங்கினாலும் வெளிப்புறமாகச் சுற்றி வந்து முந்துவதில் பேர்போன ஹாரிஸுக்கு அது இயல்பாகப் பொருந்தியது. அதே வீரர்கள் 264 மீட்டர் மட்டுமே உள்ள வுல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீனுக்குப் போகும்போது, வண்டியின் பல்சக்கர விகிதம் முதல் உடலைச் சாய்க்கும் கோணம்வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இருபது ஆண்டுகளாக இந்தத் தடங்களில் ஓடியவருக்கு அந்த மாற்றம் கைப்பழக்கம்.

மனம் கனத்துத்தான் இதையும் எழுதுகிறேன். அந்த இரண்டு தடங்களும் 2023 பருவத்தோடு ஸ்பீட்வேக்கு மூடப்பட்டுவிட்டன. 2021இல் வென்ற அந்தப் பட்டம் 1999, 2006 ஆகியவற்றுக்குப் பின் பீட்டர்பரோவின் மூன்றாவது முதல்நிலைப் பட்டம். 2006 அணியிலும் ஆண்டர்சன் இருந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே மைதானத்துக்கு அவர் மீண்டும் ஒரு பட்டத்தைக் கொண்டுவந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலியின் அருமை தெரியும்.

பதில் 3

இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு பருவத்தை மட்டும் வைத்து இதைப் பொதுவிதியாக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

2002 முதல் பட்டம் பிளே-ஆஃப் மூலமே, அதாவது லீக் ஆட்டங்கள் முடிந்தபின் முன்னணி அணிகள் மோதும் சுற்றின் மூலமே தீர்மானிக்கப்படுகிறது. 2010இல் பூல் அணி லீக் அட்டவணையில் முதலிடம் பிடித்தும் இறுதிப் போட்டியில் கவன்ட்ரியிடம் தோற்றது. மாதக்கணக்காகச் சேர்த்த பெருமை இரண்டு இரவுகளில் கைவிட்டுப் போயிற்று. எனவே இறுதிக் கட்டத்தில் யாருக்குக் காயம் இல்லை, யாருடைய இன்ஜின் ஒத்துழைக்கிறது என்பவற்றுக்கும் பங்கு உண்டு. காயம்பட்டவருக்குப் பதிலாக வேறு அணியிலிருந்து விருந்தினர் வீரரை அழைக்கவும், அல்லது அவருடைய ஹீட்களைச் சக வீரர்கள் பகிர்ந்து ஓடவும் விதிகள் இடமளிக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்புவது பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று. அணிகளைச் சமப்படுத்தும் எண்ணம் புதியதன்று. நேஷனல் லீக்கும் புரவின்ஷியல் லீக்கும் 1964இல் வெளிப்படையாகப் பிளவுபட்டு நின்றபின், ஷாக்ராஸ் பிரபுவின் விசாரணை அறிக்கையைத் தொடர்ந்து, 1965இல் இரண்டும் இணைந்து பிரிட்டிஷ் லீக் உருவாயிற்று. 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 34 போட்டிகள். அப்போது ஒரு போட்டிக்கு 13 ஹீட்கள், 78 புள்ளிகள். வலுவான அணியிலிருந்து வீரர்களை எடுத்து நலிந்த அணிக்கு ஒதுக்கும் ‘ரைடர் கன்ட்ரோல்’ முறை அந்தக் காலத்தில் இருந்தது. அதை வீரர்கள் வெறுத்தார்கள். இன்றைய சராசரி வரம்பு அதே வேலையை எண்களால் செய்கிறது.

அந்த முதல் பட்டத்தை வென்ற வெஸ்ட் ஹாம் அணியைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் கென் மெக்கின்லி, நார்வேயின் ஸ்வெர்ரே ஹார்ஃபெல்ட், அவர்களோடு நார்மன் ஹன்டர். அதே ஆண்டு லீக் வீரர்களுக்கான தனிநபர் போட்டியான பிரிட்டிஷ் லீக் ரைடர்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றவர் பேரி பிரிக்ஸ். 1970 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அவரே வென்றார். அவர் ஓடிய ஸ்விண்டன் அணிக்கு அந்த ஆறு ஆண்டுகளில் கிடைத்த லீக் பட்டம் 1967இல் ஒன்றே ஒன்று. முதல் பதிலில் உள்ள கணக்குக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 15-15 கணக்கைப் படித்தபின் எழுந்து போய், நான் சேர்த்து வைத்திருந்த போட்டி அட்டைகளை எடுத்து மறுபடியும் பார்த்தேன். இதுவரை முதல் எண் வீரரின் வரியை மட்டுமே படித்திருக்கிறேன் என்று புரிந்தது. ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. 2021 பீட்டர்பரோ அணியில் ஜோர்டன் பாலின் என்ற பதின்ம வயதுப் பையனும் இருந்தார். மூத்தவர்களை நம்பிய அணியில் அவர் எப்படி வந்தார்?

பதில் 1

அந்த ஆண்டு தொடங்கிய ‘ரைசிங் ஸ்டார்ஸ்’ திட்டத்தின்படி, ஒவ்வொரு பிரீமியர்ஷிப் அணியும் ஓர் இளம் பிரிட்டிஷ் வீரருக்குக் கீழ்வரிசையில் உள்ள ரிசர்வ் இடம் தர வேண்டியிருந்தது. பீட்டர்பரோவுக்குப் பாலின், பெல் வியூவுக்கு டாம் பிரென்னன். அதே ஆண்டு மான்செஸ்டரில் நடந்த ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் போட்டியை வென்று, 1989க்குப் பிறகு முதன்முறையாகப் பிரிட்டன் உலக அணிப் பட்டத்தைக் கைப்பற்றியபோது பிரென்னனும் அந்த அணியில் இருந்தார். திட்டத்தைக் குறைகூறியவர்கள் உண்டு. நான் அதை முழுமனத்தோடு ஆதரிப்பவன்.

அடுத்த முறை அட்டையைப் படிக்கும்போது ஹீட் 2ஐ முதலில் பாருங்கள். இரு அணிகளின் ரிசர்வ் வீரர்கள் மட்டுமே மோதும் ஓட்டம் அது. தேவைப்பட்டால் ரிசர்வ் வீரரை ஏழு ஹீட்கள்வரை ஓடவிடலாம், அதாவது நட்சத்திரத்தைவிட அதிகமாக. ஹீட் 2இல் 5-1 வாங்கிய அணி பிறகு அவர்களை எந்த ஹீட்களில் இறக்கியது என்று விரலால் தொட்டுக்கொண்டே கீழே வாருங்கள். போட்டி எங்கே திரும்பியது என்பது அட்டையிலேயே தெரியும்.