கடைமடைப் புரோட்டான்

"என்ன ஆராய்ச்சி பண்றே?" என்று ஊரில் கேட்டபோது என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தலைஞாயிற்றுக்காரன்:
பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அணுக்கரு என்று வாயைத் திறந்ததும் டீக்கடையில் முதல் கேள்வி, "கல்பாக்கமா?" அடுத்தது, "மீத்தேன் எடுக்கிறவனுங்களோட சேர்ந்துட்டியா?" பெரியப்பா மட்டும்தான் உட்கார்ந்து கேட்டார்.

நான் ஆராயும் போரான்-8 என்ற அணுக்கருவைப் பற்றிச் சொன்னேன். ஐந்து புரோட்டான், மூன்றே நியூட்ரான். சாதாரணக் கருவிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்க ஏறக்குறைய 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். இதன் கடைசிப் புரோட்டானுக்கு 0.137 போதும். நம்ம கடைமடை வயல் மாதிரி, ஒட்டியும் ஒட்டாமலும் எட்டத்தில் நிற்கும்.

"அப்ப நிலைக்காதே?"

நிலைக்காது. 0.77 விநாடியில் பாதி போய்விடும். ஆனால் அந்தப் புரோட்டான் கழன்று விழுவதால் அல்ல, உள்ளே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறிவிடுவதால்.

"அதுக்குள்ள எப்படிடா பாப்பே?"

போரானை வைத்துப் பார்க்க முடியாது, உண்டாகும்போதே பிடிக்க வேண்டும். பெரிலியம்-7 கருக்களைக் கற்றையாக்கி டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கலந்த பாலித்தீன் தாளில் பாய்ச்சுவோம். டியூட்டீரியக் கருவில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் லேசான கட்டில் இருக்கும். உரசிப் போகிற பெரிலியம் புரோட்டானை மட்டும் பறித்துக்கொண்டு போரான்-8 ஆகும், நியூட்ரான் தன் வழியே போகும். எந்தக் கோணத்தில் எத்தனை போரான் வருகிறது என்று எண்ணினால், ஒட்டிய புரோட்டான் கருவுக்குள் எந்தக் கூட்டில், அதாவது எந்த ஆற்றல் அடுக்கில், உட்கார்ந்தது, எவ்வளவு தூரம் பரந்து நிற்கிறது என்று கணக்குப் போடலாம்.

"நாத்து பறிச்சு நடுறதுதானே!" என்றார். ஒரு கருவிலிருந்து இன்னொன்றுக்குத் துகள் மாறும் இந்தப் பரிமாற்ற வினைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கும்பகோணம் டீச்சர்:
தம்பி, டெல்லியில் பெல்லட்ரான் என்ற துகள் முடுக்கியில் இதே வினையைச் செய்திருக்கிறார்கள், 2006இல் கட்டுரை வந்தது. லித்தியம் கற்றையை ஹைட்ரஜனில் மோதவிட்டுப் பெரிலியம்-7 எடுத்து, அதைப் பிரித்துக் கற்றையாக்கினார்கள். சூரியனுக்குள் பெரிலியம்-7 புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு போரான்-8 ஆகும் வேகத்தை இதிலிருந்து கணிக்கலாம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை எண்ணுகிறவர்களுக்கு அந்த வேகம் வேண்டும்.

அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், பற்றி நடத்தும்போது நான் ஆடுதுறை 43 நெல் ரகத்தைத்தான் இழுப்பேன். பெரிலியம்-7க்கு அரை ஆயுள் 53 நாள், அந்த நெல் விளைய 110 நாள். விதைத்த அன்று வைத்த பெரிலியம் அறுப்பன்று கால்வாசிதான் இருக்கும். வகுப்பில் தூங்குகிறவன்கூட எழுந்துகொள்வான்.

பேராவூரணி:
எனக்கு நடந்தது சிரிப்பு இல்லை. ஒரு ஆய்வகத்தில் ராத்திரி இரண்டு மணி ஷிஃப்ட். எண்ணிக்கை மெல்ல இறங்கியது. கற்றைதான் குறைகிறது என்று கற்றையை இயக்கும் ஆளுடன் வாய்ச்சண்டை போட்டேன். காலையில் தாள் வைத்திருந்த கூண்டைத் திறந்தால், பாலித்தீன் தாள் கற்றைச் சூட்டில் சுருங்கி நடுவில் ஓட்டை. மூன்று மணி நேரமாக வெறும் ஓட்டைக்குள் அடித்திருக்கிறோம். அவரிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாரம் ஆனது.

தலைஞாயிற்றுக்காரன்:
ஐயோ அண்ணே! எங்களுக்கு அந்தக் கதி வராமல் இருக்கட்டும். பெரியப்பா நேற்று போனில், "உன் கடைமடை ஆளு என்ன ஆனான்?" என்றார். கற்றை நேரம் ஒதுக்கவே இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றேன். "அங்கயும் முறைத்தண்ணிதானா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.