போலித்தட்டு சரி, ‘பூட்லெக்’குக்குத் தமிழில் என்ன சொல்?

காரைக்குடியிலிருந்து அன்பு நண்பர்களுக்கு,

கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டு அறையைத் திறந்து, இசைத்தட்டுகளுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம். நிமிடத்துக்கு 78 சுழற்சி ஓடும் அரக்குத் தட்டுகளில் சிக்கல் இல்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியே இசைத்தட்டு விற்ற காலத்துச் சரக்கைக் கண்டால் சொல்ல இந்தப் பக்கம் ஆள் உண்டு. மலேயாவிலிருந்து வந்த வினைல் எல்பிகளில் (நெடுநேரம் ஓடும் தட்டுகளில்) அசலல்லாதவற்றை எந்தப் பெயரில் எழுதுவது என்பதில்தான் தகராறு.

அசல் உறையையும் லேபிளையும் அப்படியே நகலெடுத்து அசலென்று விற்பது போலித்தட்டு. உறையைப் படமெடுத்து மறுபடி அச்சடிப்பதால் பொடி எழுத்துகள் மங்கிக் கிடக்கும். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வழவழப்பான வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அச்செண், அதாவது எந்த அச்சிலிருந்து எடுத்த தட்டு என்று காட்டும் எண், தெரியும். அசலில் இயந்திரம் பொறித்த எண், போலியில் கையால் கீறப்பட்டிருக்கலாம். ஆனால் அசலிலும் கையால் கீறிய எண்கள் உண்டு. அதே பதிப்பின் ஐயமற்ற பிரதி ஒன்றை அருகில் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது வீண் வம்பு.

வெளிவந்த பாட்டையே உரிமமின்றி வேறு உறையில் அடித்தால் திருட்டுத்தட்டு. திருட்டு விசிடி பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘பூட்லெக்’ இந்த இரண்டுமல்ல. நிறுவனம் வெளியிடாமல் வைத்திருந்த பதிவு, அரங்கில் யாரோ ஒளித்துப் பிடித்த கச்சேரி ஆகியவற்றைத் தட்டாக அடிப்பது அது. 1969இல் பாடகர் பாப் டிலனின் வெளிவராத பாடல்கள் அமெரிக்காவில் வெறும் வெள்ளை உறையில் வந்தன. அதற்கு அசல் என்று ஒரு தட்டே இல்லாதபோது போலி எங்கிருந்து வரும்? சட்டத்துக்குப் புறம்பானதுதான், ஆனாலும் முதல் அச்சைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். போலியை அசல் விலைக்கு வாங்கியவரோ ஏமாந்தவர்.

ஆங்கிலத்தில் ‘பூட்லெக்’ என்பது கள்ளச்சாராயத்துக்கும் பெயர் என்பதால், மதுரை நண்பர் சொன்ன ‘கள்ளத்தட்டு’ அதை ஒட்டி அழகாகத்தான் இருக்கிறது. கள்ளநோட்டும் அதே ‘கள்ள’தானே? அட்டவணையைப் படிக்கிற ஆச்சி போலி என்றே எடுத்துக்கொள்வார். வினாத்தாள் கசிவு போல ‘கசிவுத்தட்டு’ எனலாமா?

தேவகோட்டையிலிருந்து மறுமொழி:

ஐயா, கசிவு வேண்டாம். ஓடு மாற்றாத வீட்டிலிருந்து வந்த சரக்கு என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்பார். பழுது தட்டிலா பதிவிலா என்று பாருங்கள். போலியில் தட்டு பொய், பதிவு நிறுவனத்தினுடையது. பூட்லெக்கில் பதிவு வெளியேறிய வழிதான் கள்ளவழி. ஆகவே ‘கள்ளப்பதிவு’.

காரைக்குடியிலிருந்து மீண்டும்:

தட்டையும் பதிவையும் பிரித்தது நல்ல யோசனை, ஏற்கிறேன். ஆனால் பங்காளிகள் கூடிய வீட்டில் ‘கள்ளப்பதிவு’ என்றால் பத்திர ஆபீஸ் வழக்கென்று பதறிப்போவார்கள். ‘கள்ள ஒலிப்பதிவு’ என்று போட்டுவிட்டேன். நம் அறையில் கிடைத்த வெள்ளை உறைத் தட்டுகள் மூன்றையும் அட்டவணையின் போலிப் பத்தியிலிருந்து அங்கே மாற்றியாகிவிட்டது. விலை மதிப்பீடு அடுத்த மடலில்.