குசு தீவில் பார்த்த இலைப் பவளம் எது?

நண்டுப்பிரியை:
சிங்கப்பூர் குசு தீவில் கடல் உள்வாங்கிய நேரத்தில் நடந்தேன். கோஸ் இலை மாதிரி விரிந்த கடினப் பவளங்கள் இரண்டு. ஒன்று பழுப்பு, மற்றது இளஞ்சிவப்பு. ஒரே வகைதானா?

ஓதக்காரன்:
நிறத்தை நம்பவே நம்பாதீங்க. ஒரே இனம் பல நிறத்தில் வரும். தகட்டின் மேற்பரப்பைக் கிட்டத்தில் பாருங்கள். சில மில்லிமீட்டர் அகலத்தில், உருண்டையாக, தனித்தனியாக மேடு தட்டிய குழிகள் (பவள உயிரிகள் குடியிருக்கும் இடம்) இருந்தால் டர்பினேரியா என்ற பேரினம். சில நேரம் பகலிலேயே அந்த உயிரிகள் உணர்கொம்புகளை நீட்டியிருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. குழி ஊசிமுனை அளவென்றால் மான்டிபோரா. குழியே தெரியாமல் மேட்டு வரிகள் மட்டும் இருக்கிறதா? ஓரத்துக்கு இணையாக வளைந்தால் பாக்கிசெரிஸ், விசிறியாக ஓரத்தை நோக்கி ஓடிக் கிளை பிரிந்தால் மெருலினா.

நண்டுப்பிரியை:
படத்தைப் பெரிதாக்கினேன். பழுப்பில் உருண்டைக் குழிகள். இளஞ்சிவப்பில் வரிகள் கிளை பிரிகின்றன.

ஓதக்காரன்:
அப்போ முதலாவது டர்பினேரியா, அடுத்தது மெருலினா. இனப்பெயர் வரை போக வேண்டாம், ஃபோன் படம் அதற்குப் போதாது.

பாறைமீன்:
பவோனா என்ற இலைப் பவளத்தை விட்டுட்டீங்களே! அதில் குழிகளுக்கு நடுவே சுவர் இருக்காது, மெல்லிய கோடுகள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நேராக ஓடும். அப்புறம், படமெடுக்கும் ஆர்வத்தில் பவளத்தை மிதித்துவிடாதீர்கள். தகடு சட்டென்று உடையும்.