மூலக்கூறுப் படிமவியலுக்கு மூத்த ஆராய்ச்சியாளர்: இரண்டு முறை விளம்பரம் கொடுத்தும் ஆள் அமையவில்லை

படிமக்குழு:
வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத் துறைக்கு மூலக்கூறுப் படிமவியலில் (உயிருள்ள உடலுக்குள் மூலக்கூறுகளின் நடமாட்டத்தைப் படமாக்கும் துறை) மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் வேண்டும். இரண்டு முறை விளம்பரம் கொடுத்துவிட்டோம். எங்களிடம் இருப்பவை சிறு விலங்குகளுக்கான பெட்-சிடி கருவி (கதிரியக்கப் பொருள் உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் ஸ்கேனர்), உடலுக்குள்ளிருந்து வரும் ஒளியைப் பதியும் ஒளிப்படிமக் கேமரா, கதிரியக்கப் பொருட்களைக் கையாள ஈயக் கவசமிட்ட ஹாட் செல். கதிரியக்க ஐசோடோப்புகளைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இல்லை, ஃபுளூரின்-18 என்ற ஐசோடோப் வெளியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணப்பட்டு வருகிறது. கதிர்வேதியியல், படிம மீளாக்கம் (ஸ்கேனர் தரவிலிருந்து படத்தைக் கணக்கிடுவது), விலங்கு மாதிரிகள், மனிதப் பரிசோதனை, இயந்திரக் கற்றல் என எல்லாவற்றிலும் தேர்ச்சி கேட்டிருந்தோம். விளம்பரத்தில் எதை மாற்ற வேண்டும்? நேர்முகத் தேர்வில் என்ன கேட்டால் ஆளின் தரம் தெரியும்?

ஹாட்செல்:
வணக்கம். நீங்கள் கேட்டிருப்பது ஒருவருடைய வேலை அல்ல, நான்கு பேருடையது. ட்ரேசர் (உடலில் செலுத்திப் பின்தொடரும் கதிரியக்கப் பொருள்) தயாரிக்கும் வேதியியலாளர், கருவியும் கணக்கீடும் அறிந்த இயற்பியலாளர், நோய் மாதிரிகளை அறிந்த உயிரியலாளர், நோயாளிகளிடம் கொண்டுசேர்க்கும் மருத்துவர். இதில் இரண்டு தொழிலில் ஆழம் உள்ளவர்கள் கிடைப்பார்கள். நான்கிலும் ஆழம் கேட்டால், நல்லவர்கள் 'நமக்குத் தகுதி போதாது' என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவார்கள். உங்கள் குழுவில் யார் இல்லாததால் வேலை நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த ஒன்றைக் கட்டாயத் தகுதியாகவும் இன்னொன்றை விரும்பத்தக்கதாகவும் போட்டால் போதும்.

வேதியியலாளர்தான் தேவை என்றால், யாரை எடுக்கலாம் என்பதை ஐசோடோப்பின் அரை ஆயுட்காலமே (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) முடிவு செய்துவிடும். ஃபுளூரின்-18க்கு அது 110 நிமிடம். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குப் பின் சுமார் 57% மிஞ்சும், வேலை நடக்கும். கார்பன்-11க்கு வெறும் 20 நிமிடம்; அதே தூரத்தில் 5% கூடத் தேறாது. ஆகவே வாழ்நாளெல்லாம் கார்பன்-11 செய்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், சைக்ளோட்ரான் பக்கத்தில் இல்லாத உங்கள் இடத்தில் அவர் கை கட்டப்பட்டுவிடும். உங்களுக்குப் பொருந்துபவர்கள் மூன்று வகையினர். வெளியிலிருந்து வரும் ஃபுளூரின்-18ஐக் கொண்டு ட்ரேசர் செய்பவர். ஜெர்மானியம்-68 சிதைந்து காலியம்-68 தரும் ஜெனரேட்டர் என்ற கருவியிலிருந்து அதைக் கறந்து பெப்டைடுகளில் (சிறு புரதத் துண்டுகளில்) ஏற்றுபவர். ஜெர்மானியத்தின் அரை ஆயுட்காலம் 271 நாள் என்பதால் ஏறத்தாழ ஆண்டுக்கொரு ஜெனரேட்டர் தேவைப்படும், அதை இப்போதே பட்ஜெட்டில் எழுதுங்கள். மூன்றாமவர் சிர்கோனியம்-89 (78 மணி நேரம்) கொண்டு ஆன்டிபாடிகளைப் பின்தொடர்பவர். அது தொலைவிலிருந்து வந்தாலும் கெடாது.

இருக்கும் கருவிகள், இல்லாத சைக்ளோட்ரான், வாரத்தில் எத்தனை நாள் ஐசோடோப் வரும், எந்தெந்த ஐசோடோப்புக்கு உரிமம் இருக்கிறது, இவ்வளவையும் விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். சேர்ந்த பிறகு தெரியவந்தால் அவர் ஓராண்டில் கிளம்பிவிடுவார்.

போட்டான்:
நேர்முகத் தேர்வு பற்றிச் சொல்கிறேன். சாதனைகளை விவரிக்கச் சொன்னால் எல்லோரும் அழகாகப் பேசுவார்கள். அதைவிட, ஒரு கெட்ட தரவைக் கொடுத்து இருபது நிமிடம் விடுங்கள். 'அதே சுண்டெலி, அதே கட்டி, அதே எஃப்டிஜி (ஃபுளூரின்-18 ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற ட்ரேசர்). இரண்டாவது வாரம் கட்டியில் எஃப்டிஜி ஏற்பின் மதிப்பு பாதியாகிவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று மாணவர் எழுதியிருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?'

தேர்ந்தவர் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஊசியைப் பற்றிக் கேட்பார். வால் சிரையில் போட்ட ட்ரேசர் வாலிலேயே தங்கியதா, படத்தில் வால் தெரிகிறதா? விலங்கு பட்டினி கிடந்ததா, குளிரில் இருந்ததா? குளிர்ந்த எலியில் பழுப்புக் கொழுப்பு எஃப்டிஜியை இழுத்துக்கொள்ளும். மயக்க மருந்து, அது கொடுத்த நேரம், இரத்தச் சர்க்கரை? அடுத்துக் கடிகாரம். டோஸ் காலிபிரேட்டருக்கும் (ஊசிக்கு முன் ட்ரேசரின் கதிரியக்கத்தை அளக்கும் கருவி) ஸ்கேனருக்கும் கடிகாரத்தில் 10 நிமிட வேறுபாடு இருந்தால் ஃபுளூரின்-18ல் 6 சதவீதத்துக்கு மேல் பிழை வரும். கார்பன்-11ல் அது 40%. இரண்டு கருவிகளுக்கும் இடையில் குறுக்கு அளவுத்திருத்தம் கடைசியாக எப்போது நடந்தது என்றும் கேட்பார்.

கட்டியின் அளவு பற்றிய கேள்வியும் வர வேண்டும். சிறுவிலங்கு பெட்டின் பிரிதிறன் சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் கட்டியில் உண்மையான செறிவு படத்தில் முழுதாகத் தெரியாது. பகுதிக் கனஅளவு விளைவு அதைக் குறைத்துக் காட்டும். கட்டி சுருங்கினால் மட்டும் போதும், ட்ரேசர் ஏற்பு மாறாமலே மதிப்பு இறங்கும். சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கிருந்து கசியும் சமிக்ஞை நேர்மாறாக மதிப்பைக் கூட்டிக் காட்டும். இவற்றில் நான்கைந்தைத் தாமாக எடுத்துச் சொல்பவர் மூத்தவர். நேராக 'இயந்திரக் கற்றலால் சரிசெய்யலாம்' என்று தொடங்குபவரை எடுக்கும் முன் பலமுறை யோசியுங்கள்.

குறுக்குவெட்டு:
மேலே சொன்னது இயற்பியல் பக்கத்துக்கு. வேதியியலாளரிடம் ஒரே கேள்வி போதும்: 'உங்கள் கடைசி ட்ரேசரை அடுத்தடுத்து எத்தனை முறை தயாரித்தீர்கள், எத்தனை தோற்றன, ஏன் தோற்றன?' விளைச்சலை ஒரே ஒரு சிறந்த முயற்சியின் எண்ணாகச் சொல்பவரிடம், சிதைவுத் திருத்தம் (தயாரிப்பு நேரத்தில் குறைந்துபோன கதிரியக்கத்தை ஈடுகட்டும் கணக்கு) செய்த எண்ணா, செய்யாததா என்று கேளுங்கள். மோலார் கதிரியக்கம் (ஒரு மோல் ட்ரேசருக்கு எவ்வளவு கதிரியக்கம்), இறுதிக் கரைசலில் கிரிப்டோஃபிக்ஸ் (தயாரிப்பில் பயன்படும் நச்சுத்தன்மையுள்ள வேதிப்பொருள்) எச்சம், எண்டோடாக்ஸின் (பாக்டீரியா நச்சு) சோதனை பற்றி அவர் தயங்காமல் பேச வேண்டும். மனிதரிடம் கொண்டுபோகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்தத் துறையில் ஒரு கட்டுரையில் இருபது பேர் பெயர் சாதாரணம். ஹெச்-இண்டெக்ஸைப் (கட்டுரைகளும் மேற்கோள்களும் சேர்ந்த எண்) பார்த்து வரிசைப்படுத்தினால் கருவி இயக்கிக்கொடுத்தவரும் யோசனையைத் தந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். இதழின் தாக்க எண்ணை வைத்து ஆளை எடைபோட வேண்டாம் என்று 2012ல் உருவான, ஆராய்ச்சி மதிப்பீடு பற்றிய டோரா பிரகடனமும் சொல்கிறது. ஐந்து கட்டுரைகளைத் தாமே தேர்ந்து, ஒவ்வொன்றிலும் தம் கையால் செய்தது என்ன என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பரிந்துரைப்பவரிடமும் 'ஆள் எப்படி' என்று கேட்காமல், 'இவர் விட்டுப் போன பிறகும் அந்த ட்ரேசர் உங்கள் ஆய்வகத்தில் தயாராகிறதா?' என்று கேளுங்கள். செய்முறையை எழுதி வைத்து மற்றவருக்குக் கற்றுக்கொடுத்தாரா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

கதிர்வீச்சு விதிகளைப் பட்டியலில் தேறிய எல்லோருக்கும் ஒரே தாளில் கொடுத்துவிடுங்கள். ஐசிஆர்பி (கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம்) பரிந்துரைப்படி பணியாளருக்கான உச்ச வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு), கைகளுக்கு 500. கர்ப்பம் தெரிவிக்கப்பட்ட பின் மீதிக் காலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட். கர்ப்பம் பற்றியோ குடும்பத் திட்டம் பற்றியோ நேர்முகத்தில் யாரும் கேட்கக் கூடாது. குழுவினருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படிமக்குழு:
மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். வந்த விண்ணப்பங்களில் ஒளிப்படிமவியலில் மிக வலுவான ஒருவர் இருக்கிறார். அவரை எடுத்து பெட் கற்றுக்கொள்ள வைக்கலாமா?

போட்டான்:
உங்களுக்கு இல்லாதது உயிரியலாளர் என்றால் தாராளமாக எடுக்கலாம். படம் எடுப்பதையும் அளப்பதையும் சில மாதங்களில் பிடித்துக்கொள்வார். ஆனால் ஒளிப்படிமத்தில் பயன்படும் லூசிஃபெரேஸ் (செல்களை ஒளிரவைக்கும் நொதி) ஒளி திசுவுக்குள் ஆழம் கூடக்கூட மங்கும்; அங்கே பெரும்பாலும் ஒப்பீட்டு எண்தான் கிடைக்கும். பெட்டில் எதிர்பார்ப்பது மில்லிலிட்டருக்கு இத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) என்ற முழு அளவு. அந்த வேறுபாட்டை அவரே விளக்குகிறாரா என்று நேர்முகத்தில் பாருங்கள்.

ஹாட்செல்:
வேதியியல் இடத்துக்கு மட்டும் அவரை நிரப்பாதீர்கள். ஹாட் செல்லில் தனித்து நின்று வேலை செய்ய ஆண்டுகள் பிடிக்கும். அவரை எடுப்பதானால் கதிர்வேதியியல் தெரிந்த தொழில்நுட்பர் பணியிடம் ஒன்றையும் அதே ஒப்புதலில் சேர்த்து வாங்குங்கள். பிறகு தனியாகக் கேட்டால் நிதிக்குழுவிடமிருந்து வாங்குவது கடினம்.