ரசத்தில் மிசோவா? பருப்புத் தண்ணீர் எங்கே?

ஈயச்சொம்பு: ஒரு சமையல் காணொளியைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. துவரம்பருப்புத் தண்ணீருக்குப் பதிலாக ஜப்பான்காரர்களின் மிசோ விழுதை ஒரு கரண்டி கரைத்து ஊற்றினால் வீட்டு ரசத்துக்குப் புது உயிர் வருமாம், மேலே நாலு துண்டு டோஃபு வேறு. காய்ச்சல்காரனுக்குக் குழைந்த சோற்றில் பிசைந்து கொடுக்கிற பொருளில் கைவைக்க ஏன் இத்தனை பேருக்கு அரிப்பு? பருப்புத் தண்ணீர் விட்டு விளாவாமல் அது எப்படி ரசம்?

அமராவதிக்கரை: நான் செய்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. மிசோவும் வெந்த சோயாதான், உப்பும் கோஜிப் பூஞ்சையும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். புளி, மிளகு, சீரகம், பூண்டு, தாளிப்பு எதுவும் மாறவில்லை. அடுப்பை அணைத்த பிறகு கரைக்க வேண்டும், உப்பை முன்பே குறைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஈயச்சொம்பு: சோயாவும் துவரையும் ஒன்றா தம்பி? வெந்த பருப்பின் மேல் தெளிந்து நிற்கும் தண்ணீரை விட்டு, நுரை கட்டி வரும்போது இறக்குவதுதான் பக்குவம். அதைத் தூக்கிவிட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். பருப்புத் தண்ணீர் எங்கே?

பொருநைப்பெண்: ஐயா, எங்கள் வீட்டு மிளகு ரசத்தில் பருப்பே கிடையாது, கொட்டு ரசத்திலும் கிடையாது. காய்ச்சலுக்கு நாங்கள் கொடுப்பது அந்த மிளகு ரசத்தைத்தான்.

ஈயச்சொம்பு: அது வேறு கதை. அந்தக் காணொளிக்காரர் பருப்புத் தண்ணீருக்குப் 'பதிலாக' என்றுதான் சொன்னார். பதிலாக என்றால் இருந்ததை எடுத்துவிட்டார் என்றுதானே பொருள்? இதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தேக்காவாசி: சிங்கப்பூரில் மீன்தலைக் கறியை இன்று யாராவது குறை சொல்கிறார்களா? 1949இல் உணவகம் நடத்திய கோமஸ் என்ற மலையாளி, சீனர்கள் விரும்பும் மீன்தலையை நம் பக்கத்துக் குழம்பில் போட்டார். ஊரே சொந்தம் கொண்டாடுகிறது.

ஈயச்சொம்பு: நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள்! அவர் குழம்பை விட்டுவிட்டுச் சோயா சாஸையா ஊற்றினார்? தலையைத்தான் மாற்றினார், குழம்பு குழம்பாகவே இருந்தது. இங்கே அடியையே உருவுகிறார்கள்.

அமராவதிக்கரை: மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நீங்கள் கரைக்கிற பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் சரக்கு. இந்தியாவில் அந்தச் செடியைப் பயிரிட 2020இல்தான் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கினார்கள். அவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்ட பாத்திரத்தில் மிசோவுக்கு மட்டும் இடமில்லையா?

ஈயச்சொம்பு: பெருங்காயத்தை இழுக்காதீர்கள். அது நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே அஞ்சறைப்பெட்டிக்குள் வந்துவிட்டது, எதையும் வெளியே தள்ளிவிட்டு வரவில்லை. நான் இன்றும் கட்டிப் பெருங்காயத்தைத்தான் ஊறவைக்கிறேன், மாவு கலந்த தூளை வாங்குவதில்லை.

பொருநைப்பெண்: தூள் வாங்குகிறவர்களுக்குச் சமைக்கத் தெரியாதா? வேலைக்குப் போய் வந்து ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவளுக்குக் கட்டியை ஊறவைக்க எங்கே நேரம்? ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற ஓய்வு எல்லார் வீட்டிலும் இல்லை ஐயா.

ஈயச்சொம்பு: நேரத்தைப் பற்றி நான் பேசவே இல்லை அம்மா. போன மாதம் சாம்பாரில் வெல்லம் போடுவது தப்பே இல்லை என்று சண்டைக்கு வந்ததும் நீங்கள்தானே? உங்களிடம் நாக்கைப் பற்றி நான் பாடம் கேட்க வேண்டியதில்லை.

பொருநைப்பெண்: துளி வெல்லம் புளிப்பை அடக்கத்தான் என்று அன்றைக்கே விளக்கினேன், நீங்கள் படிக்கவே இல்லை.

தேக்காவாசி: வெல்லமா? உடுப்பிக்காரர்கள் போடுவார்கள், நாம் ஏன் போட வேண்டும்?

பொருநைப்பெண்: எங்கள் அம்மா உடுப்பியில் பிறக்கவில்லை அண்ணா. கல்யாணமானதிலிருந்து அப்படித்தான் வைக்கிறார், நீங்கள் வந்து நிறுத்துங்கள் பார்க்கலாம்.